நான்கு மாதமாகக் காலடி

கேள்வி: என் மகனுக்கு 10 வயது. எங்கள் பகுதியில் 71 வயது வாத்தியார் ஒருவரிடம் சிலம்பம் கற்கச் சேர்த்தோம். 40 வருஷத்துக்கு மேலாகச் சொல்லித்தருகிறாராம். மாதம் 100 ரூபாய்தான் வாங்குகிறார். ஆனால் நான்கு மாதமாகக் காலடி மட்டுமே பழக்குகிறார், கம்பையே கையில் தரவில்லை. வேறொரு பயிற்சி மையத்தில் மூன்றே மாதத்தில் போட்டிக்கு அழைத்துப்போய்ச் சான்றிதழ் வாங்கித் தருகிறார்கள். வாத்தியாருக்கும் வயதாகிவிட்டது. பையனை மாற்றிவிடலாமா?
– ஒரு வாசகர், திருப்பாதிரிப்புலியூர், கடலூர்

பதில்: மாற்றாதீர்கள். நீங்கள் குறையென்று எழுதியிருப்பதைப் படித்தபோது எனக்கு மனசு நிறைந்தது. இன்னும் இப்படி ஒருவர் நம்ம ஊரில் இருக்கிறாரே!

கம்பு கையால் சுற்றுவது என்று பார்ப்பவர்களுக்குத் தோன்றும். அடியின் வேகம் பாதத்தில் பிறந்து, இடுப்பில் திரும்பி, தோள் வழியாகக் கடைசியில்தான் மணிக்கட்டுக்கு வருகிறது. கால் தப்பினால் எதிராளியின் கம்பு உள்ளே வந்துவிடும். காலடி படியாத பையனிடம் கம்பைக் கொடுத்தால் முதலில் அடிபடுவது அவனுடைய முழங்காலும் காதும்தான்.

சில வருஷங்களுக்கு முன் தேவனாம்பட்டினம் கடற்கரையில் ஒரு விடிகாலை. எழுபதைத் தாண்டிய பெரியவர் ஒருவர், அலை வந்துபோன ஈர மணலில் ஏழெட்டுப் பிள்ளைகளை நிறுத்தியிருந்தார். தானே காலடி வைத்து நடந்துகாட்டி, தன் தடத்தைப் பார்க்கச் சொன்னார். ஒவ்வொரு தடமும் அச்சுக் குத்தினதுபோல் பதிந்திருந்தது. குதிகால் திரும்பிய இடத்தில் மட்டும் பிறை மாதிரி ஒரு கோடு. பிள்ளைகளின் தடங்கள் இழுத்துக் கலைந்து கிடந்தன. அவர் திட்டவில்லை. கம்பு நுனியால் ஒரு சிறுமியின் குதிகாலைத் தொட்டு, "இங்க வை கண்ணு, அப்புறமா திரும்பு" என்றார். அடுத்த அலை எல்லாத் தடத்தையும் அழித்தது. மறுபடி முதலிலிருந்து நடந்தார். ஒரு மணி நேரம் நின்று பார்த்தேன், இதைத் தவிர அங்கே வேறு எதுவும் நடக்கவில்லை.

வயதாகிவிட்டது என்கிறீர்கள். இத்தனை வருஷம் தப்பாகக் காலடி வைத்திருந்தால் அந்த முழங்கால் எப்போதோ போயிருக்கும். 71 வயதில் தினமும் பிள்ளைகளோடு இறங்கி நிற்கிற உடம்பைவிடப் பெரிய சான்றிதழ் எந்த மையம் தரும்? கேரளத்தின் வடகரையில் மீனாட்சி அம்மா 7 வயதில் களரிச் சண்டைக்கலையில் இறங்கியவர். 2017-இல் பத்மஸ்ரீ கிடைத்தபோது அவருக்கு 76 வயது, அப்போதும் அவர்தான் சொல்லித்தந்துகொண்டிருந்தார். 2022-இல் பத்மஸ்ரீ பெற்ற களரி ஆசான் சாவக்காடு சங்கரநாராயண மேனோன் அப்போதே தொண்ணூறைத் தாண்டியவர்.

சான்றிதழ் ஆசையைக் குறைசொல்ல மாட்டேன். அரசு வேலைக்கான 3 சதவீத விளையாட்டு ஒதுக்கீட்டில் சிலம்பத்துக்கும் இடம் உண்டு. 2024 ஜனவரியில் தமிழ்நாட்டில் நடந்த கேலோ இந்தியா இளைஞர் போட்டியில் செயல்விளக்க விளையாட்டாகவும் சேர்த்தார்கள். வசதியில்லாத வீட்டுப் பிள்ளைக்கு இது பெரிய வாசல். ஆனால் எந்த நிலைப் போட்டி, நடத்தியது யார் என்றெல்லாம் பார்ப்பார்கள். மூன்று மாதத்தில் கைக்கு வரும் காகிதத்துக்கு அந்த வாசல் திறக்காது. பையன் இரண்டு மூன்று வருஷம் ஒழுங்காகப் பழகட்டும், பிறகு வாத்தியாரிடமே போட்டியைப் பற்றிப் பேசுங்கள்.

இப்போது நான் ஒன்று கேட்கிறேன். கணக்கு டியூஷனுக்கு மாதம் எவ்வளவு கட்டுகிறீர்கள்? 100 ரூபாய் "தான்" என்று எழுதும்போது உங்களுக்கு உறுத்தவில்லையா? அவர் வாய்திறந்து கேட்க மாட்டார். பகலெல்லாம் மூட்டை தூக்கியோ கொத்துவேலை பார்த்தோ வயிற்றைக் கழுவிவிட்டு, சாயங்காலம் கம்பெடுத்த தலைமுறை அது; வித்தைக்குக் காசு கேட்பதைக் கௌரவக் குறைச்சலாக நினைப்பார்கள். அடுத்த மாதத்திலிருந்து நீங்களாகவே கூட்டிக் கொடுங்கள். தட்டில் வெற்றிலை பாக்கோடு வைத்துப் பையன் கையால் கொடுத்தால் மறுக்காமல் வாங்கிக்கொள்வார்.

ஒரு நாற்பது பக்க நோட்டும் வாங்கிக் கொடுங்கள். வாத்தியாருக்குத் தெரிந்த சுவடுகளின், அதாவது காலடி முறைகளின் பெயர், அவர் யாரிடம் கற்றார், அந்த வாத்தியார் யாரிடம் கற்றார் என்பதையெல்லாம் பையன் கேட்டுக் கேட்டு எழுதட்டும்.