ப்ரொஃபைல் போட்டும் கருப்பு வெள்ளைப் படம் ஏன் சிவக்கிறது?

கேள்வி: மினிலேப் பிரிண்டருக்கு (ஸ்டுடியோவில் ஃபோட்டோ பேப்பரில் படம் பதித்துக் கெமிக்கலில் கழுவும் மெஷின்) ஐசிசி ப்ரொஃபைல் (மெஷின் நிறங்களை எப்படித் தருகிறது என்று சொல்லி, அதற்கேற்பத் திருத்த உதவும் ஃபைல்) செய்தேன். முதல் வாரம் அருமை. இப்போது கருப்பு வெள்ளைப் படங்களில் சிவப்பு அடிக்கிறது. ப்ரொஃபைலை மறுபடி செய்யவா?

அவசரப்படாதீர்கள். நிறக் கட்டங்கள் உள்ள சார்ட்டை அடித்து அளந்த அன்று மெஷின் எப்படி இருந்தது என்பதுதான் ப்ரொஃபைலில் பதிந்திருக்கிறது. மெஷின் அந்த நிலையிலிருந்து நகர்ந்துவிட்டால், ப்ரொஃபைல் செய்யும் திருத்தமே தப்பாகிவிடும்.

முதலில் கெமிக்கலைப் பாருங்கள். படத்தை வெளிக்கொண்டுவரும் டெவலப்பரின் சூடு குறித்த அளவிலிருந்து 0.3 டிகிரி செல்சியஸுக்கு மேல் விலகக் கூடாது. கெமிக்கலைச் சோதிக்கும் கண்ட்ரோல் ஸ்ட்ரிப் (முன்கூட்டியே ஒளி பதித்த பேப்பர் துண்டு) ஓட்டுங்கள். அழுத்தமான கருப்பு செம்பழுப்பாகத் தெரிந்தால், பிளீச்-ஃபிக்ஸ் (டெவலப்பருக்குப் பின் பேப்பரிலுள்ள வெள்ளியை நீக்கும் கெமிக்கல்) வலுவிழந்து சயான் சாயம் முழு நிறம் பெறாமல் நின்றிருக்கலாம். அதே ஸ்ட்ரிப்பைப் புதிய பிளீச்-ஃபிக்ஸில் மறுபடி முக்கிக் கழுவுங்கள். கருப்பு சரியானால் கோளாறு அங்கேதான். வேலை குறைந்த நாட்களில் டெவலப்பர் காற்றுப்பட்டுக் கெடும், கருப்பின் அடர்த்தி இறங்கும். இதையெல்லாம் கவனிக்காமல் காலிபரேஷன் (மெஷினைச் சரியான அளவுக்குக் கொண்டுவருவது) ஓட்டினால், கெட்டுப்போன கெமிக்கலுக்கு மெஷினைப் பழக்கியது போலத்தான்.

பிறகு டெய்லி செட்டப், அதாவது தினசரி காலிபரேஷன். நிற அடர்த்தியை அளக்கும் டென்சிட்டோமீட்டர் ஏற்கும்வரை சோதனைத் தாளைத் திரும்ப ஓட்டுங்கள். பேப்பரின் எமல்ஷன் எண் (தயாரிப்புத் தொகுதி எண்) மாறினாலும் இதுவே போதும். பேப்பர் வகை மாறினாலோ, கிளாஸியிலிருந்து மேட்டுக்குப் போனாலோதான் புது ப்ரொஃபைல் வேண்டும்.

அப்படிச் செய்யும்போது பெரும்பாலோர் சறுக்குவது சார்ட் அடிக்கும் இடத்தில். தானியங்கித் திருத்தம், ஷார்ப்னிங், மெஷினுக்குள் நடக்கும் கலர் மாற்றம் எல்லாவற்றையும் அணைத்துவிடுங்கள். டென்சிட்டி, சயான், மெஜந்தா, மஞ்சள் கீகள் (நிறத்தைக் கையால் கூட்டிக் குறைக்கும் பட்டன்கள்) பூஜ்ஜியத்தில் இருக்கட்டும். பார்டர் இல்லாமல் அடித்தால் மெஷின் படத்தைச் சற்றுப் பெரிதாக்கும். கட்டங்கள் இடம் மாறி நிறத்தை அளக்கும் ஸ்பெக்ட்ரோ கருவி தப்பாகப் படிக்கும். அதனால் பார்டரோடு அடியுங்கள். 918 கட்டங்கள் உள்ள டிசி9.18 சார்ட் தாராளம். ஒன்றை நேராகவும் இன்னொன்றை 180 டிகிரி திருப்பியும் அடித்து, இரண்டின் சராசரியை எடுங்கள். பேப்பரின் அகலவாக்கில் வெளிச்சம் சமமில்லாவிட்டால் இதில் தெரிந்துவிடும். டிரையரிலிருந்து சூடாக வந்ததை உடனே அளக்காதீர்கள். அடியில் அதே பேப்பரின் வெற்றுத் தாள்கள் சிலவற்றை வைத்து அளப்பது நல்லது.

ஃபைலை அனுப்பும்போது ஃபோட்டோஷாப்பில் இந்த ப்ரொஃபைலுக்கு 'கன்வர்ட்' (எண்களை ப்ரொஃபைலுக்கேற்ப மாற்றுவது) செய்யுங்கள், 'அசைன்' (எண்களை மாற்றாமல் ப்ரொஃபைலை மட்டும் ஒட்டுவது) அல்ல. கடைசியாக 21 படிகள் உள்ள கிரே ஸ்கேல் ஒன்றை அப்படியே கன்வர்ட் செய்து அடித்து அளந்து பாருங்கள். நடுப்படிகளில் ஸ்பெக்ட்ரோ காட்டும் லேப் அளவின் ஏ, பி மதிப்புகள் (ஏ சிவப்பு-பச்சைச் சாய்வு, பி மஞ்சள்-நீலச் சாய்வு) பூஜ்ஜியத்திலிருந்து 2-க்குள் இருந்தால் படம் கண்ணுக்குச் சிவக்காது. நடுவில் சிவப்பு, நிழலில் பச்சை என்று வந்தால் கீகளைத் தொடாதீர்கள், கண்ட்ரோல் ஸ்ட்ரிப்புக்கே திரும்பிப் போங்கள்.