தாத்தா ஏன் ரேடியோவைத் தெற்கே திருப்பினார்?

அன்புள்ள ஐயா,

பழைய டிரான்சிஸ்டர்களைப் பற்றி நீங்கள் எழுதிய கட்டுரையில், "கடற்கரையில் மலையோ கட்டடமோ குறுக்கே இல்லாததால் ரேடியோ தெளிவாகக் கேட்கும்" என்று ஒரு வரி வருகிறது. படித்ததும் என் தாத்தா நினைவு வந்தது. எங்கள் வீடு திருத்துறைப்பூண்டியில். அவருக்கு வேலை அகஸ்தியன்பள்ளி உப்பளத்தில், கணக்குப்பிள்ளையாக. திங்கட்கிழமை ரயிலேறினால் சனிக்கிழமைதான் திரும்புவார். டிரான்சிஸ்டரும் கூடவே போய் வரும். அதற்கு எடுத்த 1974ஆம் வருடத்து லைசென்ஸ் புத்தகம் இன்னும் எங்கள் பீரோவில் இருக்கிறது.

வீட்டில் பகல் வேளையில் இலங்கை வானொலி வைத்தால் இரைச்சலுக்கு நடுவே குரல் வந்து வந்து போகுமாம். உப்பளத்தில் மத்தியானச் சோற்றுக்கு உட்காரும்போது வைத்தால், அறிவிப்பாளர் கே.எஸ். ராஜா பக்கத்தில் நின்று பேசுவதுபோல் இருக்குமாம். கேட்டது மத்திய அலையில்தான் (மீடியம் வேவ்) என்று அப்பா உறுதியாகச் சொல்கிறார். இன்னொரு விஷயம். செட்டை அவர் கடலைப் பார்த்து வைக்கமாட்டாராம். அங்கே கடல் கிழக்கே இருக்கிறது. அவரோ தெற்கே, கோடியக்கரைப் பக்கமாகத் திருப்பி வைப்பாராம்.

திருத்துறைப்பூண்டிக்கும் அகஸ்தியன்பள்ளிக்கும் நடுவில் மலையும் இல்லை, மாடிக்கட்டடமும் இல்லை, எல்லாம் வயல்தான். அப்புறம் நீங்கள் சொன்ன காரணம் எப்படிப் பொருந்தும்? இல்லை, தாத்தா கொஞ்சம் கூட்டிச் சொன்னாரா? என் மகன் வேறு, "போனில் ஆப் போட்டால் எல்லா ஸ்டேஷனும் வருது, இதுக்கு எதுக்குக் கடற்கரை?" என்கிறான்.

அன்புடன்,
தி., திருத்துறைப்பூண்டி

அன்புள்ள தி. அவர்களுக்கு,

தாத்தா கூட்டிச் சொல்லவில்லை. தப்பு என் வரியில்தான். அவசரத்தில் எழுதியது, இப்போது படித்தால் எனக்கே கூச்சமாக இருக்கிறது. மத்திய அலையில் 1000 கிலோஹெர்ட்ஸ் என்றால் அலையின் நீளம் 300 மீட்டர். அந்த அளவு அலைக்கு ஒரு மாடிக்கட்டடம் பெரிய தடையே இல்லை, சுற்றிக்கொண்டு போய்விடும். கடலில் குறுக்கே எதுவும் இல்லை என்பதல்ல காரணம். கடலின் உப்புத் தண்ணீரேதான் காரணம்.

பகலில் மத்திய அலை நம்மிடம் வருவது தரையை ஒட்டித்தான். மேலே போகிற அலையை அயனி மண்டலத்தின், அதாவது வெகு உயரத்தில் மின்னூட்டம் ஏறிய காற்று மண்டலத்தின், அடி அடுக்கு பகல் முழுக்க உறிஞ்சிவிடுகிறது. சூரியன் இறங்கிய பிறகுதான் அந்த அடுக்கு கரைந்து, அலை மேலே போய்த் திரும்பி வெகுதூரத்தில் இறங்குகிறது. ஆகவே மத்தியானச் சோற்று நேரத்தில் தாத்தா கேட்டது சந்தேகமில்லாமல் தரை அலை. இது போகிற வழியெல்லாம் மண்ணுக்குச் சுங்கம் கட்டிக்கொண்டே போகும். மின்சாரத்தை நன்றாகக் கடத்தாத நிலம் என்றால் சுங்கம் அதிகம். காய்ந்த மணலும் பாறையும் மிக மோசம். நல்ல ஈர மண் பரவாயில்லை. கடல்நீர் அந்த ஈர மண்ணைவிடச் சில நூறு மடங்கு நன்றாக மின்சாரத்தைக் கடத்துகிறது, பாறை நிலத்தோடு ஒப்பிட்டால் சில ஆயிரம் மடங்கு. கடல் வழியே வருகிற அலை கிட்டத்தட்ட சுங்கமே கட்டாமல் வந்து சேர்கிறது. உப்புத்தான் இதில் முக்கியம். எவ்வளவு பெரிய ஏரியாக இருந்தாலும், நல்ல தண்ணீர் ஏரிக்கரையில் இந்த வித்தை நடக்காது.

இப்போது உங்கள் தாத்தாவின் திசைக்கு வருகிறேன். உங்கள் கடிதத்தில் எனக்கு மிகவும் பிடித்த இடம் அதுதான். வரைபடத்தை எடுத்துப் பாருங்கள். வேதாரண்யம் கிழக்குத் தீர்க்கரேகை 79 பாகை 51 கலையில் இருக்கிறது. இலங்கை வானொலி இருக்கிற கொழும்பும் 79 பாகை 51 கலைதான். அதாவது வேதாரண்யத்திலிருந்து ஒரு நூலைப் பிடித்து நேர் தெற்கே இழுத்தால் அது கொழும்பில் போய் நிற்கும், 380 கிலோமீட்டர் சுமாருக்கு. அந்த நூல் போகிற வழிதான் விசேஷம். கோடியக்கரையைத் தாண்டினால் பாக் நீரிணை. அப்புறம் மன்னார்த் தீவின் ஒரு துண்டு. மறுபடியும் கடல். புத்தளம் பக்கம்தான் இலங்கையின் மேற்குக் கரையைத் தொடுகிறது. பாதிக்கு மேல் உப்புத் தண்ணீர். கடைசியாக இந்தப் பக்கம் வந்து ஏறுகிற இடம் வேதாரண்யத்துச் சதுப்பும் உப்பளமும். தரை அலைக்கு நிலத்திலேயே இதைவிட நல்ல பாதை கிடையாது. 1930இல் ராஜாஜி உப்புக் காய்ச்ச வந்த அதே அகஸ்தியன்பள்ளியில்தான் உங்கள் தாத்தா சோற்றுத் தூக்கோடு உட்கார்ந்திருக்கிறார். கடற்கரைக்குப் போக வேண்டிய அவசியமே அவருக்கு இல்லை. காலடியிலேயே உப்பு.

செட்டை ஏன் திருப்ப வேண்டும் என்பதும் இதோடு சேர்ந்ததுதான். டிரான்சிஸ்டருக்குள், மேல்பக்கமாக, நீளவாக்கில் ஒரு கறுப்புக் குச்சி இருக்கும். ஃபெரைட் குச்சி, மேலே மெல்லிய கம்பி சுற்றியிருக்கும். மத்திய அலைக்கு அதுதான் ஏரியல். இழுத்து நீட்டுகிற அந்த வெள்ளிக் குழாய்க்கு இதில் வேலை இல்லை, அது சிற்றலைக்கு (ஷார்ட் வேவ்). குச்சியின் நடுப்பக்கம் நிலையத்தைப் பார்க்க வேண்டும், அப்போதுதான் நன்றாக எடுக்கும். செட்டின் முகத்தையோ முதுகையோ கொழும்புப் பக்கம் வைத்தால் சரியாகிவிடும். உங்கள் தாத்தா வரைபடம் பார்த்திருக்கமாட்டார், திருப்பித் திருப்பிப் பார்த்தே கண்டுபிடித்திருப்பார்.

ஒரு திருத்தமும் சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் அடுத்த கடிதம் இதற்காகவே வரும். திருத்துறைப்பூண்டி வயல் மண் ஒன்றும் அவ்வளவு மோசமில்லை, ஈரக் களிமண். அந்த முப்பது சொச்சம் கிலோமீட்டர் நிலம் அலையைக் கொஞ்சம் தின்றிருக்கும், ஆனால் முழுப் பழியையும் அதன்மேல் போடக்கூடாது. மீதி, ஊர் இரைச்சல். டியூப்லைட் சோக்கு, அரிசி மில் மோட்டார், பம்ப்செட்டு எல்லாம் மத்திய அலையில் கரகரக்கும். உப்பளத்தில் அது எதுவும் இல்லை. இன்றைக்கு நிலைமை இன்னும் மோசம். எல்.இ.டி. பல்பு, போன் சார்ஜர், இன்வர்ட்டர் என்று ஒவ்வொரு வீடும் ஒரு சிறிய இரைச்சல் நிலையம்.

சிற்றலையில் கேட்டிருந்தால் கதை வேறு. கொழும்புக்கு வடக்கே ஏக்கலையிலிருந்து கிளம்பிய சிற்றலை மேலே போய் அயனி மண்டலத்தில் பட்டு, 380 கிலோமீட்டரில் கிட்டத்தட்ட நம் தலைக்கு மேலிருந்து இறங்கும். அதற்குக் கடலும் ஒன்றுதான், கரிசல்காடும் ஒன்றுதான். அப்பா மத்திய அலை என்று உறுதியாகச் சொன்னதால்தான் இவ்வளவு தைரியமாக எழுதுகிறேன். ராமேஸ்வரம், நாகப்பட்டினம் பக்கம் இலங்கைப் பண்பலை நிலையங்கள் சில நாட்களில் வந்து சில நாட்களில் காணாமல் போவது மூன்றாவது கதை. கடல்மேல் ஈரக்காற்றும் சூடான காற்றும் அடுக்காக நிற்கும்போது அலை அந்த அடுக்குக்குள் மாட்டிக்கொண்டு ஓடும். அதை இதோடு குழப்ப வேண்டாம்.

தாத்தா அன்றாடத் தேவைக்குச் செய்ததை உலகத்தில் சிலர் பொழுதுபோக்காக வேலை மெனக்கெட்டுச் செய்கிறார்கள். ஸ்காட்லாந்தின் வடமேற்கு மூலையில் ஷீக்ரா, நார்வேயின் வடகோடியில் கோங்ஸ்ஃபியோர்ட், அமெரிக்காவின் பசிபிக் கரையில் கிரேலேண்ட் என்று அவர்களுக்குக் கோயில் மாதிரி சில ஊர்கள் உண்டு. குளிர்காலத்தில் போய் இரவெல்லாம் உட்கார்ந்து, கடலுக்கு அந்தப் பக்கத்து நிலையங்களைத் தேடுவார்கள். கோங்ஸ்ஃபியோர்டில் டிசம்பரில் சூரியனே எழாது, அதனால் கேட்கிற நேரமும் நீளம். இவர்கள் தேடுவது இரவில் வானிலிருந்து இறங்கும் அலையை, தாத்தாவின் தரை அலையை அல்ல. ஆனால் இதிலும் கடல் கை கொடுக்கிறது. ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தாண்டி வருகிற அலை தொடுவானத்தை ஒட்டி, மிகத் தாழ்வாக வரும். நிலமாக இருந்தால், தரையில் பட்டுத் திரும்புகிற அலை நேராக வருகிற அலையைக் கொன்றுவிடும். முன்னால் உப்புக் கடல் இருந்தால் இரண்டும் சேர்ந்துகொள்ளும். தண்ணீர் ஓரத்தில்தான் இந்த லாபம் முழுதாகக் கிடைக்கும், உள்ளே தள்ளிப் போகப் போகக் குறைந்துகொண்டே வரும்.

அவர்கள் எப்படி அடையாளம் காண்கிறார்கள் என்பது எனக்கு ரொம்பப் பிடித்த தந்திரம். நம் பக்கமும் ஐரோப்பாவிலும் மத்திய அலை நிலையங்கள் 9 கிலோஹெர்ட்ஸ் இடைவெளியில் நிற்கின்றன. அமெரிக்கக் கண்டங்களில் 10. அதனால் ஐரோப்பாவின் 585க்கும் 594க்கும் நடுவில் 590இல் ஏதாவது முனகினால், அது அட்லாண்டிக்குக்கு அந்தப் பக்கம் என்று கேட்ட கணமே தெரிந்துவிடும். பல இரவுகளில் அது கனடாவின் நியூஃபவுண்ட்லாந்துத் தீவில் உள்ள செயின்ட் ஜான்ஸ் ஊர் நிலையமாக இருக்கும். 1901 டிசம்பரில் மார்க்கோனி இங்கிலாந்திலிருந்து வந்த மூன்று மோர்ஸ் தந்திப் புள்ளிகளைக் கேட்டதாகச் சொன்ன குன்று அந்த ஊரில்தான் இருக்கிறது.

மார்க்கோனி கதை எல்லோருக்கும் தெரியும். நான் மதிப்பது பால் காட்லி என்ற அமெரிக்கரை. 1921 தொடக்கத்தில் அமெரிக்க அமெச்சூர்கள், அதாவது பொழுதுபோக்காக வீட்டில் வானொலி நிலையம் வைத்திருந்தவர்கள், அட்லாண்டிக்கைத் தாண்டிச் செய்தி அனுப்பிப் பார்த்தார்கள், பிரிட்டனில் ஒருவருக்கும் கேட்கவில்லை. அனுப்புவதில் கோளாறா, கேட்பதில் கோளாறா என்று தகராறு. அந்த வருடக் கடைசியில், நல்ல ரிசீவரோடு காட்லியையே கப்பலேற்றி அனுப்பிவிட்டார்கள். ஸ்காட்லாந்தின் மேற்குக் கரையில் ஆர்ட்ரோசன் என்ற ஊரில், கடலோர வயலில் கூடாரம் போட்டார். டிசம்பர் மழை, காற்று, ஒரு ஸ்டவ். சாட்சிக்கு மார்க்கோனி கம்பெனி ஆள் ஒருவர். வயலில் பல நூறு அடி நீளத்துக்கு அமெரிக்காவைப் பார்த்து ஒரு கம்பியைக் கட்டினார். பெவரேஜ் என்பவர் அப்போதுதான் கண்டுபிடித்திருந்த ஏரியல் அது. இருபத்தைந்துக்கும் மேற்பட்ட அமெரிக்க அமெச்சூர் நிலையங்களை அந்தக் கூடாரத்தில் பிடித்தார், சுமார் 200 மீட்டர் அலையில். இதில் ஒரு வேடிக்கை உண்டு. பெவரேஜ் கம்பி கடல்நீருக்கு மேலே சரியாக வேலை செய்யாது. மின்சாரத்தைச் சரியாகக் கடத்தாத நிலத்தில் அலை லேசாகச் சாயும், அந்தச் சாய்வைத்தான் அந்தக் கம்பி பிடிக்கிறது. காலடியில் சுமாரான நிலம், கண்ணுக்கு முன்னால் நல்ல கடல். காட்லிக்கு இரண்டும் அமைந்தது.

இதைப் படித்துவிட்டு நீங்கள் கோடியக்கரையில் கம்பி விரிக்கக் கிளம்பிவிடாதீர்கள். ஒருமுறை தரங்கம்பாடிக் கரையில் நான் வெறும் ஐம்பது அடிக் கம்பியை மணலில் போட்டுவிட்டு ஹெட்போனோடு இருட்டில் உட்கார்ந்திருந்தேன். பத்து நிமிடத்தில் நான்கு பேர் சூழ்ந்துகொண்டார்கள். "ரேடியோ கேக்குறேங்க" என்பது இந்தக் காலத்தில் யாரும் நம்பக்கூடிய பதில் அல்ல. கடைசியில் ஒரு பெரியவர் ஹெட்போனை வாங்கிக் காதில் வைத்து, கரகரப்புக்கு நடுவே ஏதோ பாட்டு வருவதைக் கேட்டபிறகுதான் விட்டார்கள். "இதுக்கா?" என்று கேட்டுவிட்டுப் போனார் அவர்.

உங்கள் மகன் சொல்வது சரிதான். பாட்டுக் கேட்க ஆப் போதும், நானும் அதில்தான் கேட்கிறேன். ஆனால் ஆப்பில் ராத்திரி பகல் கிடையாது. ஒரு சாயங்காலம் அவனை வேதாரண்யத்துக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். மத்திய அலை உள்ள சின்ன செட்டு ஒன்று போதும். உப்புக்காற்று படாமல் பிளாஸ்டிக் பையில் போட்டுக்கொள்ளுங்கள், ஒரு நல்ல செட்டை நான் அப்படித்தான் தொலைத்தேன். ஐந்து மணிக்கு முள்ளை ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு மெல்ல ஓட்டி, வருகிற நிலையங்களை அவனையே எழுதச் சொல்லுங்கள். ஏழரைக்கு அதே முள்ளை மறுபடி ஓட்டுங்கள். இரண்டு பட்டியலும் ஒன்றாக இருக்காது. மத்திய அலை நிலையங்களைப் பல நாடுகளும் ஒவ்வொன்றாக மூடிக்கொண்டு வருகின்றன, அதனால் தாத்தா காலத்து நெரிசல் இருக்காது. போவதென்றால் சீக்கிரம் போங்கள்.

ஏதாவது ஒரு இலங்கை நிலையம் கிடைத்தால், செட்டின் குறுகிய முனை கடற்கரையோரமாகத் தெற்கே நீட்டியிருக்கும்படி மெல்லத் திருப்புங்கள். ஓரிடத்தில் குரல் அப்படியே அமுங்கிப்போகும். அங்கே நிறுத்திவிட்டு, அந்த முனை காட்டுகிற திசையை அவனைப் பார்க்கச் சொல்லுங்கள். அந்தக் குரல் வருகிற திசை அதுதான்.

அன்புடன்.