பெட்டியை அப்புறம் கட்டலாம்

கேள்வி: என் கணவருக்கு வெளிநாட்டில் வேலை கிடைத்திருக்கிறது. நான்கு மாதத்தில் ஏழு வயது மகளுடன் அங்கே குடியேறப்போகிறோம். அவர் முன்னால் போவதா, எல்லோரும் சேர்ந்தே கிளம்புவதா என்று முடிவாகவில்லை. எதை எடுத்துக்கொள்வது, எதை விடுவது என்று பட்டியல் எழுதி எழுதி அடித்துக்கொண்டிருக்கிறேன். மாதக் கடைசியில் வேலையை ராஜினாமா செய்யவேண்டும். அயர்ன்பாக்ஸ், ஹேர் டிரையர் எல்லாம் அங்கே வேலை செய்யுமா?
- ஒரு வாசகி

பதில்: அயர்ன்பாக்ஸை முதலில் முடித்துவிடுவோம், சகோதரி. அதைத் திருப்பிப் பாருங்கள். அடியிலோ பிளக்கின் பக்கத்திலோ பொடி எழுத்தில் வோல்ட் அளவு இருக்கும். ‘100-240’ என்றிருந்தால் பிளக் மாற்றி ஒன்று போதும். லேப்டாப், செல்போன் சார்ஜர்கள் பெரும்பாலும் இந்த வகை. ஒரே எண்தான் இருக்கிறது என்றால் போகிற நாட்டின் மின்சாரத்தோடு ஒத்துப்போகவேண்டும். ஜப்பானில் 100, அமெரிக்காவில் 120, ஐரோப்பாவில் 230 வோல்ட். ஒத்துப்போகாவிட்டால் யாருக்காவது கொடுத்துவிட்டுப் போங்கள்.

என்னை நிறுத்தியது அதற்கு முந்தைய வரி. ஒரு வேலையை விடுவதைப் பெட்டிக்கும் அயர்ன்பாக்ஸுக்கும் நடுவில் இவ்வளவு சின்னதாகச் சொல்லிவிட்டீர்களே! மாதக் கடைசியில் ஏன்? பயணத்துக்கு இன்னும் நான்கு மாதம் இருக்கிறது. விசாவே வந்துவிட்டதா என்று நீங்கள் எழுதவில்லை. வரும்வரை ராஜினாமாக் கடிதம் மேசைக்குள்ளேயே இருக்கட்டும். சம்பளமில்லா நீண்ட விடுப்பு தருவார்களா, அங்கிருந்தபடியே வேலையைத் தொடர வழி உண்டா என்று மேலதிகாரியிடம் கேளுங்கள். மறுத்தால் மறுக்கட்டும், கேட்பதில் நஷ்டமில்லை. இதற்கிடையில் உங்கள் கணவர் ஒன்றை விசாரித்துச் சொல்லவேண்டும்: உங்களுக்குக் கிடைக்கப்போகும் விசாவில் நீங்கள் வேலை செய்யலாமா? துணைவருக்கான விசாவில் பல நாடுகள் தாராளமாக அனுமதிக்கின்றன. சில தனி அனுமதி கேட்கின்றன. சில அறவே மறுக்கின்றன. அனுமதி இல்லாவிட்டால், இங்குள்ள அலுவலகத்துக்கு அங்கே வீட்டிலிருந்து வேலை செய்வதுகூடச் சிக்கலாகலாம். இதைத் தெரிந்துகொள்ளாமல் விமானம் ஏறாதீர்கள். விலகித்தான் ஆகவேண்டும் என்றால், எந்தப் பதவி, என்னென்ன பொறுப்பு, எத்தனை ஆண்டு என்பதெல்லாம் விவரமாக உள்ள அனுபவச் சான்றிதழை வாங்கிக்கொள்ளுங்கள். நாளை வேலை தேடும்போது வெறும் தேதிகள் மட்டும் உள்ள சான்றிதழ் உதவாது.

உங்கள் பட்டியலைக் கிழித்துவிட்டு வேறொன்று எழுதச் சொல்வேன். இங்கே இருக்கும்போது மட்டும் சுலபமாக முடியக்கூடிய வேலைகள் என்னென்ன? போர்வையும் பாத்திரமும் எந்த ஊரிலும் கிடைக்கும். திருமணச் சான்றிதழில் உங்கள் பெயரில் ஓர் எழுத்து பாஸ்போர்ட்டிலிருந்து மாறியிருந்தால், அதை அங்கிருந்து திருத்துவது பெரும்பாடு. அதனால் திருமணச் சான்றிதழ், மகளின் பிறப்புச் சான்றிதழ், உங்கள் பட்டங்கள், மூன்று பாஸ்போர்ட் எல்லாவற்றையும் ஒரே மேசையில் பரப்பி, எழுத்து எழுத்தாக ஒப்பிட்டுப் பாருங்கள். பிறகுதான் சான்றொப்பம், அதாவது இவை உண்மையானவை என்று வெளிநாட்டுக்காக அரசிடம் வாங்கும் உறுதி. இதை எளிதாக்கும் 1961ஆம் ஆண்டின் ஹேக் உடன்படிக்கையில் 120க்கும் மேற்பட்ட நாடுகள் சேர்ந்திருக்கின்றன. இரு நாடுகளும் அதில் இருந்தால் பெரும்பாலும் ‘அப்போஸ்டில்’ என்ற ஒற்றை முத்திரை போதும். இல்லையென்றால் தூதரகம்வரை அலையவேண்டும். இதற்கே வாரக்கணக்கில் ஆகும்.

செல்போன் எண்ணை மட்டும் அவசரப்பட்டு ரத்துசெய்துவிடாதீர்கள். வங்கியின் ஓடிபி எல்லாம் அதற்குத்தான் வரும். சொத்து, வாடகை விவகாரம் இருந்தால் நம்பகமான ஒருவருக்கு பவர் பத்திரம் எழுதிக் கொடுத்துவிடுங்கள். பல நாடுகளில் ஓராண்டில் 183 நாள் தங்கினால் அங்கே வரி கட்டவேண்டியவர் ஆகிவிடுவீர்கள். கிளம்பும் தேதியைக் குறிக்கும்முன் ஒரு ஆடிட்டரைப் பாருங்கள்.

வீட்டில் யாராவது தொடர்ந்து மருந்து சாப்பிட்டால், மருத்துவரிடம் மருந்தின் மூலப்பெயருடன் சீட்டு வாங்குங்கள். இங்கே சாதாரணமாகக் கிடைக்கும் சில தூக்க மாத்திரைகளும் இருமல் மருந்துகளும் வேறு நாட்டில் கட்டுப்பாட்டுப் பட்டியலில் இருக்கும். பாராசிட்டமாலே அமெரிக்காவில் அசிட்டமினோஃபென் என்ற பெயரில்தான் கிடைக்கிறது. மகளின் தடுப்பூசி அட்டையைப் பள்ளியில் கேட்பார்கள். மாற்றுச் சான்றிதழோடு அதையும் சேர்த்து, கையில் கொண்டுபோகும் பையிலேயே வையுங்கள்.

அவர் முன்னால் போவது நல்லதுதான். வீடு பிடித்து, பள்ளியைப் பார்த்து வைக்கலாம். முன்பணம், முதல் மாத வாடகை என்று சம்பளம் வரும்முன்பே செலவு வரிசையாக வரும். மூன்று மாதச் செலவுக்கான பணம் கையில் இருக்கட்டும். ஆனால் அவர் போய்விட்டால் இந்த வீட்டை ஒழிப்பது, சான்றிதழுக்கு வரிசையில் நிற்பது, மகளைச் சமாதானப்படுத்துவது எல்லாம் உங்கள் தலையில் விழும், அதுவும் அலுவலகம் போய்க்கொண்டே. ஆகவே அவர் கையெழுத்து தேவைப்படும் காரியங்கள் அத்தனையும் முடிந்த பிறகே அவருக்கு டிக்கெட் எடுங்கள். அதற்கான தேதியை நீங்கள் சொல்லுங்கள், அவரல்ல.