ஹீட்டர் ராடு: தொட்டால் சுர்ரென்கிறதா?

எங்கள் வீட்டில் பத்து வருடத்துக்கும் மேலாக ஒரே ஹீட்டர் ராடுதான், 1500 வாட்ஸ். எவர்சில்வர் அண்டாவில் தொங்கவிட்டு வெந்நீர் போடுகிறோம். கொஞ்ச நாளாக அண்டா விளிம்பைத் தொட்டால் லேசாகச் சுர்ரென்கிறது. எம்.சி.பி. (கரண்ட் அளவு மீறினால் தானே விழும் சுவிட்ச்) இருக்கிறது, ஒருமுறைகூட ட்ரிப் ஆகவில்லை. பயப்பட வேண்டுமா?
– வாசகி, ஈரோடு

பயப்படத்தான் வேண்டும். பிளக்கைப் பிடுங்கிவிட்டு, ஒயரை வெட்டி ராடை இன்றே தூக்கிப் போடுங்கள். ஒயரோடு போட்டால் வேறு யாராவது எடுத்துச் செருகிவிடுவார்கள்.

ராடின் வெளியே தெரிவது நிக்கல் பூசிய செம்புக் குழாய். உள்ளே நைக்ரோம் கம்பிச் சுருள். இரண்டுக்கும் நடுவே மெக்னீசியம் ஆக்சைடு பொடியை இறுக்கி அடைத்திருப்பார்கள். அந்தப் பொடி சூட்டைக் கடத்தும், கரண்டைக் கடத்தாது. ஆனால் ஈரத்தை உறிஞ்சும். குழாயில் மயிரிழை விரிசல் விழுந்தாலோ, கைப்பிடிக்குள் இருக்கும் சீல் காய்ந்து வெடித்தாலோ ஈரம் உள்ளே இறங்கிவிடும். பிறகு குழாய், தண்ணீர், அண்டா என்று கரண்ட் கசியும்.

எம்.சி.பி.க்கு இது தெரியாது. 16 ஆம்பியர் எம்.சி.பி. அந்த அளவைத் தாண்டினால்தான் விழும். உடம்புக்கோ 1 மில்லி ஆம்பியரிலேயே சுர்ரென்று தெரியும். 10 தாண்டினால் தசை இறுகி, பிடித்த கையை விட முடியாமல் போகலாம். 30-க்கு மேல் நீடித்தால் இதயத்துக்கே ஆபத்து. அந்த 30 மில்லி ஆம்பியர், 16 ஆம்பியரில் ஐந்நூறில் ஒரு பங்குகூட இல்லை.

உங்கள் வீட்டில் கோளாறு இரண்டு இடத்தில் இருக்கிறது: ஒன்று ராடு, இன்னொன்று எர்த். எர்த் ஒழுங்காக இருந்தால் கசிகிற கரண்ட் அதன் வழியே இறங்கியிருக்கும், விரலுக்கு வந்திருக்காது. எலெக்ட்ரீஷியனை வரவழைத்து, ராடு செருகும் சாக்கெட்டில் ஃபேஸுக்கும் (கரண்ட் வரும் ஒயர்) எர்த்துக்கும் மல்டிமீட்டர் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். 230 வோல்ட்டை ஒட்டிக் காட்ட வேண்டும். காட்டினாலும் மெயினை அணைத்துவிட்டுச் சாக்கெட்டைக் கழற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். எர்த் ஒயர் இல்லாத வீடுகளில் நியூட்ரலிலிருந்து (கரண்ட் திரும்பிப் போகும் ஒயர்) ஒரு துண்டு ஒயரை எடுத்து எர்த் பின்னுக்கு லூப் கொடுத்து வைப்பவர்கள் உண்டு. மீட்டர் சரியாகவே காட்டும். என்றைக்காவது நியூட்ரல் அறுந்தால் அண்டாவில் 230 வோல்ட் ஏறிவிடும். உயிரோடு விளையாடும் வேலை இது. எர்த்தைச் சரிசெய்த கையோடு 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. (கரண்ட் கசிந்தால் உடனே விழும் சுவிட்ச்) ஒன்றும் போடுங்கள். அதன் டெஸ்ட் பட்டனை மாதம் ஒருமுறை அழுத்தி, விழுகிறதா என்று பாருங்கள்.

பிளாஸ்டிக் பக்கெட்டுக்கு மாறினால் மட்டும் போதாது. அப்போதும் தண்ணீரில் கரண்ட் இருக்கும்.

போர் தண்ணீரால் ராடில் வெள்ளையாக உப்பு படிகிறது. கத்தியால் சுரண்டலாமா?
– வாசகர், திருப்பூர்

கூடாது. நிக்கல் பூச்சு உரிந்து செம்பு அரிக்கத் தொடங்கும். பிளக்கைப் பிடுங்கி, ராடு ஆறியதும் ஒரு பங்கு வினிகரும் இரண்டு பங்கு வெதுவெதுப்பான நீரும் கலந்து, சுருள் பகுதியை மட்டும் இரண்டு மணி நேரம் ஊறவிடுங்கள். கைப்பிடி நனையக் கூடாது. பழைய டூத்பிரஷால் தேய்த்தால் உப்பு வந்துவிடும். கழிப்பறை ஆசிட் வேண்டவே வேண்டாம். உப்பை விட்டுவைத்தால் சூடு தண்ணீருக்கு இறங்காமல் குழாய்க்குள்ளேயே தேங்கி, குழாய் வெடிக்கும். சுத்தம் செய்த பிறகு கருப்புப் புள்ளி, வீக்கம், பச்சைக் களிம்பு தெரிந்தால் ராடு முடிந்தது. அதை ரிப்பேர் செய்ய முடியாது.

சுவிட்சை அணைத்துவிட்டுத் தண்ணீரில் கைவைத்துச் சூடு பார்க்கலாமா?
– வாசகி, ஆத்தூர்

பிளக்கைப் பிடுங்காமல் வேண்டாம். சுவிட்சை ஃபேஸுக்குப் பதில் நியூட்ரலில் மாட்டியிருந்தால், அணைத்த பிறகும் ராடில் கரண்ட் நிற்கும். முதலில் தண்ணீர், ராடிலுள்ள குறைந்தபட்சக் கோட்டுக்கு மேல், அதிகபட்சக் கோட்டுக்குள். பிறகு ராடு, பிளக், கடைசியாக சுவிட்ச். முடிந்ததும் சுவிட்ச், பிளக். இரண்டு நிமிடம் தண்ணீரிலேயே ஆறவிட்டு ராடை வெளியே எடுங்கள். 1500 வாட்ஸ் ராடு, 20 லிட்டரை 25 டிகிரியிலிருந்து 45-க்குக் கொண்டுவர ஏறக்குறைய 19 நிமிடம் ஆகும். போனில் அலாரம் வைத்தால் கையை விட்டுப் பார்க்கும் தேவையே வராது. இந்த ராடு ஆறரை ஆம்பியர் இழுக்கும். 6 ஆம்பியர் சாக்கெட்டோ எக்ஸ்டென்ஷன் பாக்ஸோ தாங்காது, 16 ஆம்பியர் சாக்கெட் வேண்டும். புதிதாக வாங்கினால் ஐ.எஸ். 368 எண்ணோடு ஐ.எஸ்.ஐ. முத்திரை இருக்கிறதா, மூன்று பின் பிளக்தானா என்று பார்த்து வாங்குங்கள்.