பூச்சு பிய்ந்த சிடிக்கு எவ்வளவு கேட்கலாம்?

சிங்கப்பூர் ஈசூன் வாசகி ஒருவர் கேட்கிறார்: அப்பாவின் மணிவிழா வீடியோ இருந்த 2004ஆம் ஆண்டு சிடி ஓடவில்லை. அடிப்பக்கம் பற்பசை தேய்த்துப் பார்த்துவிட்டு, மீட்டுத்தரும் கடையில் கொடுத்தேன். 180 வெள்ளி வாங்கிக்கொண்டு, முடியவில்லை என்று திருப்பித் தந்தார்கள். இப்போது மேல்பூச்சு பிய்ந்திருக்கிறது. 20,000 வெள்ளி கேட்டு வழக்குப் போடலாமா?

கடைக்காரர் முகம் கொடுத்துப் பேசவில்லை, உங்களுக்கு இரண்டு நாளாகச் சாப்பாடு இறங்கவில்லை, அதெல்லாம் இருக்கட்டும். கொடுக்கும்போது மேல்பூச்சு முழுசாக இருந்ததா? இருந்தது என்று காட்டிவிட்டால், கவனமாகத்தான் கையாண்டோம் என்று நிரூபிப்பது கடையின் பாடு. சிடியில் தகவல் இருப்பது லேபிளுக்கு அடியிலேயே, கீழே இருப்பது வெறும் பிளாஸ்டிக், அதனால் உங்கள் பற்பசையால் மேல்பூச்சு பிய்ந்திருக்காது. கடையில் கொடுக்குமுன் தம்பியிடம் "இதுதானே அது?" என்று கேட்டு வாட்ஸ்அப்பில் லேபிள் படம் அனுப்பியதாகப் போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்களே, உங்கள் வழக்கே அந்தப் படம்தான். அழித்துவிடாதீர்கள்.

எனக்குப் பயம் உங்கள் கடைசி வரியில். "இன்னொரு கடையில் கொடுத்துப் பார்க்கிறேன்" என்கிறீர்கள். இதைச் செய்துவிட்டு என்னிடம் வந்தவர்கள் நிறைய. இரண்டாவது கடையும் தேய்த்துப் பார்க்கும், அப்புறம் முதல் கடைக்காரர் "பிய்த்தது அவர்கள்தான்" என்பார், இவரைக் கேட்டால் அவரைக் கைகாட்டுவார், நடுவில் நீங்கள் நிற்பீர்கள். சிடியை இரண்டு பக்கமும் படம் எடுங்கள். விளக்குக்கு நேரே பிடித்து, பூச்சு போன இடத்தில் வெளிச்சம் ஊடுருவுவதையும் ரசீதோடு சேர்த்து எடுங்கள். பிறகு பெட்டியில் போட்டு மூடிவிடுங்கள்.

ரசீதில் "தகவலுக்குப் பொறுப்பில்லை" என்று அச்சடித்துவிட்டால் கடை தப்பிவிடாது. நியாயமற்ற ஒப்பந்த விதிமுறைகள் சட்டப்படி, கவனக்குறைவுக்குப் பொறுப்பில்லை என்ற வாசகம் நியாயமாக இருந்தால்தான் நிற்கும். ஆனால் கொடுக்கும்போதே ஓடாத சிடி என்பதால் அது நின்றாலும் நிற்கலாம்.

20,000 வெள்ளி என்பது சிறு கோரிக்கை நடுவர் மன்றத்தின் வழக்கமான உச்சவரம்பு, உங்கள் சிடியின் விலை அல்ல. ஒப்பந்த வழக்கில் மன உளைச்சலுக்குப் பொதுவாகக் காசு கிடையாது. 180 வெள்ளியைத் திருப்பிக் கொடுத்து மேலே இருநூறு முந்நூறு தருகிறேன் என்றால் வாங்கிக்கொண்டு முடித்துவிடுங்கள். மறுத்தால் இரண்டு ஆண்டுக்குள் மனுப் போடுங்கள், அங்கே வக்கீலுக்கு இடமில்லை என்பதால் எனக்குச் செலவழிக்கவும் வேண்டாம். பற்பசை விஷயத்தை மட்டும் நீங்களே முதலில் சொல்லிவிடுங்கள், அடிப்பக்கம்தான் தேய்த்தேன் என்று.