ஓடு நெளியும் ஆமை

கேள்வி: கண்ணாடித் தொட்டியில் வளர்க்கும் சிவப்புக்காது ஆமையின் ஓடு அமத்தினால் நெளிகிறது. யன்னலோரம்தான் வைத்திருக்கிறோம், சோறும் பாணும் தின்னும். என்ன குறை? – வாசகி, கிளிநொச்சி

பதில்: யன்னல் கண்ணாடி வெய்யிலில் உள்ள புறஊதா-பி கதிரைத் தடுத்துவிடும். அது நேரே படாவிட்டால் விற்றமின் டி3 உண்டாகாது, ஓடு வைரமாக வேண்டிய கல்சியமும் சேராது. சோற்றிலும் பாணிலும் கல்சியம் சொற்பம். பாதி நிழலும் ஏறி உலரக் கல்லும் உள்ள பேசினில், காலை வெய்யிலில் தினமும் அரை மணிநேரம் விடுங்கள். கண்ணாடித் தொட்டியோடு வெளியே வைக்கவே வேண்டாம்; வன்னி வெய்யிலில் தண்ணீர் சுட்டு ஆமை செத்துவிடும். முல்லைத்தீவுக் கரையில் ஒதுங்கும் கணவாய் ஓட்டை இரண்டு நாள் நல்ல தண்ணீரில் ஊறவிட்டு, வைரமான முதுகைச் சுரண்டி எறிந்து, வெள்ளைப் பகுதியை மிதக்கவிடுங்கள், கடித்துத் தின்னும். ஓடு ஏற்கெனவே நெளிவதால் மிருக வைத்தியரிடமும் காட்டுங்கள். வளர்க்க முடியாவிட்டாலும் குளத்தில் விடாதீர்கள். அது அமெரிக்க இனம், நம் பாலாமையின் இரையையும் இடத்தையும் பிடிக்கும்.