92 வயது அம்மாவுக்கு இடுப்பு ஆபரேஷன்: எஃப்.டி.யை உடைப்பதா, நகையை வைப்பதா?

கேள்வி: கேரளத்தில் பாலக்காடு மாவட்டம் கொழிஞ்சாம்பாறை பக்கம் சின்னத் தென்னந்தோப்பு வைத்திருக்கிறேன். அம்மாவுக்கு 92 வயது. செவ்வாய்க்கிழமை விடியற்காலை பாத்ரூமில் வழுக்கி விழுந்ததில் இடுப்பெலும்பு முறிந்துவிட்டது. கோயம்புத்தூரில் ஒரு தனியார் மருத்துவமனையில் சேர்த்திருக்கிறோம். ஆபரேஷனுக்கு 2.40 லட்சம் ஆகுமாம். அம்மா பெயரும் என் பெயருமாக 6 லட்சம் எஃப்.டி. இருக்கிறது. இரண்டு வருட டெபாசிட், 7.5 சதவீத வட்டி, முடிய இன்னும் 8 மாதம். “இந்த வயசுல கத்தி வெச்சா தாங்குமா? பணம்தான் போகும், வீட்டுக்குக் கூட்டிட்டு வா” என்கிறார் சித்தப்பா. என்ன செய்வது? எஃப்.டி.யை உடைப்பதா, மனைவியின் நகையை அடகு வைப்பதா?

பதில்: கடிதம் வந்த அன்றே உங்களிடம் போனில் பேசிவிட்டேன். இதே நிலையில் இருக்கும் மற்றவர்களுக்காகக் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

சித்தப்பாவின் பயத்தில் உண்மை இல்லாமல் இல்லை. இடுப்பெலும்பு முறிந்த முதியவர்களில் ஐந்தில் ஒருவர் முதல் மூன்றில் ஒருவர் வரை ஒரு வருடத்துக்குள் இறந்துவிடுகிறார்கள். 90 தாண்டியவர்களுக்கு ஆபத்து இன்னும் கூடுதல். ஆனால் அவர் கத்தியை மட்டும் பார்க்கிறார், கட்டிலைப் பார்க்கவில்லை. ஆபரேஷன் இல்லாமல் படுக்கையில் கிடந்தால் படுக்கைப்புண், நிமோனியா, காலில் ரத்தக்கட்டு என்று ஒவ்வொன்றாக வரும். பொதுவாக அப்படிக் கிடப்பவர்கள்தான் சீக்கிரம் போகிறார்கள். வலி வேறு. புரட்டிப் படுக்கவைத்து ஈரத்துணி மாற்றும்போதெல்லாம் அலறுவார்கள். அதனால்தான் நாள் எண்ணும் நிலையில் இருப்பவருக்குக்கூட, வலியைக் குறைக்கவாவது டாக்டர்கள் ஆபரேஷன் செய்கிறார்கள். இதயமும் நுரையீரலும் தாங்குமா என்பதை மயக்க மருந்து டாக்டர் சொல்லட்டும். அவர் சரி என்றால், பணத்துக்காக ஒரு நாளைக்கூடக் கடத்தாதீர்கள். சேர்த்த அன்றோ மறுநாளோ செய்வதுதான் நல்லது என்கிறது பிரிட்டனின் வழிகாட்டு நெறி.

இனி கணக்கு. வீட்டோடு இருக்கும் ஹோம் நர்ஸுக்கு மாதம் 24,000 கேட்கிறார்கள் என்றீர்கள். சித்தப்பா சொல்கிறபடி வீட்டுக்குக் கூட்டிப் போனாலும் ஆறு மாதத்துக்கு 1,44,000. தண்ணீர் மெத்தை, டயாப்பர் எல்லாம் தனி. ஆபரேஷன் செய்தாலும் முதல் சில மாதங்களுக்கு ஆள் வேண்டும், பிசியோதெரபி வேண்டும். கிட்டத்தட்ட பாதிப்பேர் பழையபடி நடப்பதில்லை, பலர் வாக்கரோடுதான் நடக்கிறார்கள். எனவே 2.40 லட்சத்தோடு முடிகிற செலவு இல்லை இது. அதற்கு மேல் 2 லட்சம் ஒதுக்கியாக வேண்டும். பலரும் மருத்துவமனை பில்லோடு கையைக் காலி செய்துவிட்டு மூன்றாவது மாதம் வட்டிக்கு அலைவதைப் பார்த்திருக்கிறேன்.

எஃப்.டி.யை உடைக்காதீர்கள். 16 மாதம் ஓடிவிட்டது. அபராதம் ஒரு சதவீதம் என்று வைத்தாலே 8,000 ரூபாய் போய்விடும். அதன்மேல் ஓவர்டிராஃப்ட், அதாவது எஃப்.டி.யை ஈடாக வைத்து வேண்டும்போது எடுத்துக்கொள்ளும் கடன், கேளுங்கள். பொதுவாக 90 சதவீதம் வரை தருவார்கள், வட்டி எஃப்.டி. வட்டியைவிட ஒரு சதவீதம் போலக் கூடுதலாக இருக்கும். அந்தப் பக்கம் 7.5 வந்துகொண்டே இருப்பதால், 2.40 லட்சத்துக்கு 8 மாதத்தில் உங்கள் கையை விட்டுப் போவது சுமார் 1,600 ரூபாய்தான். மீதியைத் தேவைப்படும்போது எடுத்துக்கொள்ளலாம், எடுத்த தொகைக்கு மட்டுமே வட்டி. நகை பீரோவிலேயே இருக்கட்டும்.

இதில் ஒரு முடிச்சு உண்டு. ‘இருவரில் ஒருவர்’ என்று கணக்கு இருந்தாலும், முதிர்வுக்கு முன் உடைக்கவோ அதன்மேல் கடன் வாங்கவோ வழக்கமாக இரண்டு பேர் கையெழுத்தும் கேட்பார்கள். என் பெரியம்மாவுக்கு இதே ஆபரேஷன் நடந்தபோது, பணத்தை அப்புறம் எடுத்துக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டோம். மூன்றாம் நாள் அவர் நர்ஸைச் செத்துப்போன தன் தங்கையின் பெயர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். பேனாவைக் கொடுத்தால் வாயில் வைத்தார். இந்த வயதில் ஆபரேஷனுக்குப் பின் சில நாள் புத்தி தடுமாறுவது சகஜம். ஆகவே அம்மா தெளிவாக இருக்கும்போதே வேலையை முடியுங்கள். பேனா பிடிக்க முடியாவிட்டால் கைநாட்டு போதும். வங்கிக்குத் தெரிந்த இரண்டு சாட்சிகள் வேண்டும், அதில் ஒருவர் பொறுப்புள்ள வங்கி அதிகாரியாக இருக்க வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. வார்டுக்கே ஆள் அனுப்ப முடியுமா என்று மேலாளரிடம் கேளுங்கள். மைப்பெட்டியோடு கொஞ்சம் தேங்காய் எண்ணெயும் வையுங்கள், விரலில் மை லேசில் போகாது.

கேரள அரசின் மருத்துவக் காப்பீடான காருண்யா அட்டை இருக்கிறதா என்று கேட்டேன். “இருக்கு, கோயம்புத்தூர்ல அதையெல்லாம் யாருங்க கேக்கறாங்க” என்றீர்கள். நீங்கள்தான் கேட்க வேண்டும்! குடும்பத்துக்கு வருடம் 5 லட்சம் வரை அதில் வரம்பு உண்டு, வயது தடையில்லை. அந்த மருத்துவமனையில் செல்லுமா என்று காப்பீட்டு மேசையில் இன்றே விசாரியுங்கள். கையிலிருந்து கட்டிவிட்டுப் பிறகு பில்லை நீட்டினால் எடுபடாது. செல்லாது என்றால், அம்மாவை வாளையாறு தாண்டி பாலக்காட்டுக்கு மாற்றலாமா என்று டாக்டரிடம் கேளுங்கள். அதற்காக ஆபரேஷன் இரண்டு மூன்று நாள் தள்ளிப்போகும் என்றால் வேண்டாம்.

வரி விஷயம் சின்னது. அம்மாவுக்கு மருத்துவக் காப்பீடு இல்லாவிட்டால், நீங்கள் உங்கள் பணத்தில் கட்டும் செலவில் 50,000 வரை பழைய வரிமுறையில் கழிக்கலாம். ரொக்கமாகக் கட்டியிருக்கக் கூடாது.

அப்புறம், உங்களுக்குத் தங்கை ஒருவர் இருப்பதாகச் சொன்னீர்கள். எஃப்.டி. அம்மாவின் பணம். நாளை அம்மா காலமானால் வங்கி உங்களிடம் கொடுத்துவிடும், ஆனால் தங்கையின் பங்கு அதில் இல்லாமல் போய்விடாது. மருந்துச் சீட்டு உட்பட எல்லா பில்லையும் ஒரு கவரில் போட்டு வையுங்கள். ஓவர்டிராஃப்டில் எடுக்கும் ஒவ்வொரு தொகையையும் அன்றன்றே தங்கைக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுங்கள்.